மலைக்கோட்டைப் படியும் பல்லாவரத்துக் கல்லும்

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறவர்களுக்குப் பழமை என்பது அதிசயம் அல்ல. அண்டை வீட்டுக்காரர் மாதிரி. வாசலுக்கு வந்தால் ஒரு மதில் தெரியும். அதைத் தாண்டினால் இன்னொரு மதில். ஏழு மதில்களுக்குள்ளே அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள். சோழன் கொடுத்த விளக்குக்கும் ஹொய்சளன் கொடுத்த நிலத்துக்கும் கணக்குச் சுவரிலேயே இருக்கிறது. வெளியூர்க்காரர் வந்து, “ஆயிரம் வருஷமா!” என்று வியந்தால், “ஆமாம், இருக்கும்” என்று சொல்லிவிட்டு நாங்கள் கறிகாய் வாங்கப் போய்விடுவோம்.

இப்படிப்பட்ட என்னைப் பத்து வயதுப் பெண் ஒருத்தி திணற அடித்துவிட்டாள். அவள் என் பேத்தி. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. தலைப்பு, ‘நமது தொன்மை.’ தானே எழுதிய பேச்சை என்னிடம் நீட்டி, “தப்பு இருந்தா திருத்திக் குடு, தாத்தா” என்றாள். ஒற்றெழுத்துப் பிழைகள் நாலைந்து இருந்தன. அவற்றைத் திருத்திக்கொண்டே வந்தவன் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். “15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அத்திரம்பாக்கத்தில் தமிழன் கல்லில் கருவி செய்தான்” என்று எழுதியிருந்தாள்.

அத்திரம்பாக்கம் உண்மை. 15 லட்சமும் உண்மை. கல்லும் கருவியும் உண்மை. நடுவே நிற்கும் அந்த ஒரு சொல்லை என்ன செய்வது? அடித்தால் குழந்தையின் முகம் வாடும். விட்டால் என் மனசு உறுத்தும். “நாளைக்குச் சொல்கிறேன்” என்று தாளை மடித்து வைத்துக்கொண்டேன். அன்று இரவு எனக்குத் தெரிந்த கதையை முதலிலிருந்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன்.

கதை சென்னைக்குப் பக்கத்தில், பல்லாவரத்தில் தொடங்குகிறது. 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி. அக்கினி நட்சத்திரம் கழிந்தும் கழியாத வெயில். பட்டாளத்து மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இருபத்தெட்டு வயது ஆங்கிலேயர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அவர் பூகர்ப்ப சாஸ்திரி. இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் 1834-ல் பிறந்து, 1858-ல் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்து, சென்னை ராஜதானிக்கு வந்தவர். நிலக்கரியும் இரும்பும் எங்கே கிடைக்கும், எந்தப் பாறை எங்கே ஓடுகிறது என்று படம் வரைவதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை. கல்லை எடுத்துப் பார்த்தது சம்பளத்துக்கு அப்பாற்பட்ட வேலை.

கல் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் குழியிலிருந்து எத்தனையோ கூடைச் சரளையை வாரி ரஸ்தாவில் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கூடைகளில் போன கற்களை யார் பார்த்தார்கள்? ஃபுட் பார்த்தார்; காரணம், அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தார். பிரான்சு தேசத்தில் அபெவில் என்ற ஊரில் பூஷே த பெர்த் என்ற சுங்க அதிகாரி, சோம் நதிக்கரைச் சரளையில் செதுக்கிய கற்களைக் கண்டு, இவை மிகப் பழைய மனிதன் செய்தவை என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். 1859-ல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்ற இரண்டு ஆங்கில அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது சரியென்று ஒப்புக்கொண்டார்கள். டார்வினின் புகழ்பெற்ற நூல் வந்ததும் அதே வருஷம்தான். அந்தச் செய்திகளைப் படித்த ஃபுட், அங்கே இருந்தது இங்கே ஏன் இருக்கக்கூடாது என்று கண்ணைத் தரையில் பதித்துக்கொண்டு நடந்தவர்.

பல்லாவரத்தில் கிடைத்தது ஒரு கைக்கோடரி. கோடரி என்றதும் மரக் காம்பு போட்ட ஆயுதத்தை நினைத்துவிடக் கூடாது. உள்ளங்கையில் அடங்குகிற கல். ஒரு முனை கூர்மை, மறு முனை உருண்டை. இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து ஓரம் தீட்டியது. பெரிய பாதாம்பருப்பு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொண்டால் போதும். நாலு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ஆம் தேதி, ஃபுட்டும் அவருடைய சக ஊழியர் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் ஜில்லாவில், பூண்டிக்கு அருகில், கொசஸ்தலையாற்றுப் பக்கம் உள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஓடைக்கரையில் கற்கருவிகள் அவர்களுக்காகவே காத்திருந்தது போலக் கிடைத்தன. இந்தியாவில் கற்கால மனிதன் உண்டா என்ற கேள்வி அந்த வருஷத்தோடு தீர்ந்தது.

இந்த ஃபுட் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பாதிரியார் பீட்டர் பர்சிவலின் மருமகன் அவர். அவரும் கிங்கும் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு ஜில்லாக்களில் நடந்து திரிந்து, அந்த நிலங்களின் அமைப்பைப் பற்றி 1860-களில் ஒரு நூலும் எழுதினார்கள். நம் வயல்களின் அடியில் என்ன இருக்கிறது என்று நமக்கு முன்னால் தெரிந்துகொண்டவர்கள். ஃபுட் நாற்பது வருஷம் சேர்த்த பொருள்களைச் சென்னை மியூஸியம் 1904-ல் விலைக்கு வாங்கியது. எழும்பூர் போகிறவர்கள் பார்க்கலாம். 1912-ல் கல்கத்தாவில் காலமான அவருக்கு, ஓய்வுக் காலத்தைக் கழித்த ஏற்காட்டில், மாதா கோவிலில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஃபுட் கல்லைக் கண்டார். அதன் வயதைக் காணவில்லை. காண வழியும் அப்போது இல்லை. ‘மிகப் பழமையானது’ என்பதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க முடியாது. அவருக்குப் பின் அறிஞர்கள் வரிசையாக அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். 1930-களில் பேட்டர்சன் வந்தார். நம் நாட்டு அறிஞர் வி. டி. கிருஷ்ணசாமி வந்தார், 1960-களில் மத்தியத் தொல்பொருள் இலாகாவின் கே. டி. பானர்ஜி தோண்டினார். கருவிகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஆனால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றார்கள். மேலே மண், அதன் கீழே செம்மண் சரளை. அதற்கும் கீழே களிமண் படிவம். அந்தக் களிமண் டைனோசர் காலத்துப் படிவம் என்று பூகர்ப்ப சாஸ்திரம் சொல்லியிருந்தது. அரியலூர்ப் பக்கத்தில் கடற்சிப்பிகள் கல்லாகக் கிடக்கின்றனவே, ஏறத்தாழ அந்தக் காலம். பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்ணில் மனிதன் செய்த கல்லைத் தேடுகிறவன் உண்டா? களிமண் தென்பட்டதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. புத்தகம் ‘இதுதான் அடி’ என்று சொன்ன இடத்தில் நின்றார்கள்.

1999-ல் சாந்தி பப்பு வந்தார். புனே டெக்கான் கல்லூரியில் பயின்றவர். சென்னையில் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் என்ற ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். பிறகு குமார் அகிலேஷும் அவரோடு சேர்ந்து உழைத்தார். இவர்கள் களிமண்ணைக் கண்டு நிற்கவில்லை, அதையும் தோண்டினார்கள். சுமார் ஒன்பது மீட்டர் ஆழம் வரை குழி இறங்கியது. களிமண்ணுக்குள்ளே கைக்கோடரிகள் இருந்தன! அது டைனோசர் காலத்துக் களிமண்ணே அல்ல. ஆற்று வெள்ளம் படியவைத்த, மிகப் பிற்பட்ட களிமண். நூற்று முப்பத்தைந்து வருஷமாக எல்லோரும் அடித்தளம் என்று நம்பியது, உண்மையில் வீட்டின் கீழ்த்தளத்துக்குக் கூரை!

அதற்கப்புறம் வயது. இதை எனக்கு விளங்கியமட்டும் சொல்கிறேன். ஆகாயத்திலிருந்து நுண்ணிய கதிர்கள் ஓயாமல் பூமியின்மேல் விழுந்துகொண்டிருக்கின்றன. வெட்டவெளியில் கிடக்கும் வெண்கல்லில் அவை பட்டால், அலுமினியம், பெரிலியம் என்ற மூலகங்களின் அபூர்வ வகைகள் இரண்டு கல்லுக்குள்ளே உண்டாகும். கல் மண்ணில் ஆழப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும்; ஏற்கெனவே உண்டானது மெல்ல மெல்ல அழியும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு காலம் வேண்டும். இரண்டும் மிச்சம் இருக்கும் விகிதத்தைக் கணக்கிட்டால், கல் எப்போது இருட்டுக்குள் போயிற்று என்று தெரிந்துவிடும். வற்றிய குழம்பைப் பார்த்து, அடுப்பில் ஏற்றி எத்தனை நேரமாயிற்று என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில்லையா? அதுபோல.

இன்னொரு சாட்சியும் இருந்தது. பூமியின் காந்த வடக்கும் தெற்கும் சில யுகங்களில் இடம் மாறிவிடும். கடைசியாக மாறி இன்றைய நிலைக்கு வந்தது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அத்திரம்பாக்கத்துக் களிமண்ணின் காந்தத் துகள்கள் தலைகீழாகவே படிந்திருந்தன. அப்படியானால் அந்த மண் அதற்கும் முந்தியது. பிரெஞ்சு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இரண்டு சாட்சிகளையும் விசாரித்து, 2011 மார்ச்சில் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். சராசரி 15,10,000 ஆண்டுகள். எழுபதினாயிரம் முன்பின்னாக இருக்கலாம். அதுவரை இந்தியாவின் கைக்கோடரிகளுக்கு ஐந்தாறு லட்சம் ஆண்டுகள் என்றே பலர் கணக்குச் சொல்லியிருந்தார்கள். ஆப்பிரிக்காவில் கிடைத்த மிகப் பழைய கைக்கோடரியின் வயதே சுமார் 17,60,000 தான்.

மறுநாள் சாயங்காலம் பேத்தியை அழைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி மலைக்கோட்டைக்குப் போனேன். பேச்சைத் திருத்துவதற்கு மலை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கீழே வந்தால் சுண்டல் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

மாணிக்க விநாயகர் சன்னிதியில் தோப்புக்கரணம் போட்டுவிட்டு, “இதோ பார், உச்சிப் பிள்ளையார் வரைக்கும் நானூற்றுச் சொச்சம் படி. ஒரு படிக்கு 3,500 வருஷம் என்று வைத்துக்கொள். மேலே உச்சிதான் இன்றைய தினம். இந்த முதல் படியில் அத்திரம்பாக்கத்துக்காரர் உட்கார்ந்து கல் கொத்துகிறார். ஏறு” என்றேன்.

ஏறினோம். நூறு படி, இருநூறு படி. எனக்கு மூச்சு வாங்கியது. “இப்போ யாரு, தாத்தா?” என்றாள். “அவரேதான்” என்றேன். தாயுமானவர் சன்னிதி தாண்டினோம். “இப்போ?” “அவரோ, அவரைப் போன்றவரோ.” உச்சிக்கு இன்னும் நூற்றுப் பத்துப் படி இருக்கும்போது கொஞ்சம் நின்றோம். அந்தப் படியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எண்பத்தைந்து படி மிச்சம் இருக்கும்போதுதான் நம்மைப் போன்ற முகமுள்ள மனிதன் முதல் முதலாகத் தென்படுகிறான். அதுவும் இங்கே அல்ல, ஆப்பிரிக்காவில், மொராக்கோ தேசத்துக் குகையில். அந்த எலும்புகளுக்குச் சுமார் 3 லட்சம் ஆண்டு என்று 2017-ல் கண்டார்கள். கடைசி மூன்று படிக்குள் உலகத்தின் உழவும் விதைப்பும் முழுவதும் அடங்கிவிட்டது. கடைசி ஒரே ஒரு படி! 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் தோண்டிப் பார்த்த உறையூர், கரிகாலன், இதே மலையைக் குடைந்து குகைக்கோயில் கண்ட மகேந்திர பல்லவன், ஸ்ரீரங்கத்தின் ஏழு மதில், 1987-ல் முடிந்த ராஜகோபுரம், நான், அவள், அவளுடைய பேச்சுப் போட்டி எல்லாம் அந்த ஒரு படியில்.

உச்சியில் காற்று வாங்க உட்கார்ந்தோம். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு கையால் தீவை ஏந்திக்கொண்டிருந்தன.

“அந்த முதல் படி ஆள் தமிழ் பேசினாரா?” என்று கேட்டாள்.

“தமிழா! பேசினாரா என்பதே தெரியாது. அவருக்கு நம்மைப் போல நெற்றியும் முகவாயும்கூட இருந்திருக்காது” என்றேன்.

அவர் யார் என்பதைப் பற்றி அறிஞர்களின் பொதுவான ஊகம் ஒன்று உண்டு. ஹோமோ எரெக்டஸ் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். நிமிர்ந்து நடந்த மனிதன் என்று பொருள். டுபுவா என்ற டச்சு வைத்தியர் 1891-ல் ஜாவாத் தீவில் கண்டாரே, அந்த இனம். ஆனால் அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒரு துண்டும் அகப்படவில்லை. குதிரை, மாடு போன்ற மிருகங்களின் பற்கள் சில கிடைத்தன, அவ்வளவே. இந்தியா முழுவதிலும் அந்தப் பழைய மனிதர்களின் மண்டையோடு என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த ஒன்றுதான். 1982-ல் அதைக் கண்டெடுத்த அருண் சோனாக்கியா, ஃபுட் வேலை பார்த்த அதே இலாகாவைச் சேர்ந்தவர். அந்த ஓடு எந்த இனத்துக்கு உரியது என்பதில் இன்னும் கருத்து வேற்றுமை இருக்கிறது.

இப்போது நூற்றுப் பத்தாவது படிக்கு வருகிறேன். அத்திரம்பாக்கத்தின் மேல் அடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறிய, நேர்த்தியான கருவிகள் வருகின்றன. செய்யும் முறையே வேறு. நுங்கு வெட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். எடுத்தவுடன் நுங்கைத் தோண்டமாட்டார். முதலில் காயைச் சுற்றிச் சீவிச் சரிசெய்துகொள்வார். பிறகு ஒரே வெட்டு, வேண்டியது வேண்டிய வடிவில் வந்து நிற்கும். இந்தக் கருவிக்காரர்களும் அப்படித்தான். தாய்க்கல்லை முதலில் சுற்றிச் சுற்றித் தட்டிப் பக்குவப்படுத்திக்கொண்டு, கடைசியில் ஓங்கி ஓர் அடி. நினைத்த அளவில் ஒரு சில்லு. கையில் இல்லாத பொருளை மனத்தில் முன்கூட்டிப் பார்க்கிறவனால்தான் இது முடியும்.

இந்தப் புதிய முறையைச் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்போ, அதற்கும் பிறகோ, ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம் இன மனிதர்கள்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பலர் எழுதியிருந்தார்கள். மணல் துகள் கடைசியாக வெளிச்சம் கண்டது எப்போது என்று கணிக்கும் ஒரு முறை உண்டு. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் துணையோடு அம்முறையில் சாந்தி பப்புவும் அகிலேஷும் மற்றவர்களும் பார்த்தபோது வந்த விடை 3,85,000. 2018-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எடுத்துப் போட்டன.

எனக்கு அந்த அம்மையாரிடம் மரியாதை மிகுந்தது இந்த இடத்தில்தான். இத்தனை வயதுள்ள கருவிகள் ஏழாயிரத்துக்கு மேல் கையில் இருக்கின்றன. ‘நம் இனமே இங்கேதான் தோன்றியது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாலையும் மேளமும் வந்திருக்கும். சொல்லவில்லை. எலும்பு இல்லாதபோது, செய்தவர் யாரென்று சொல்ல ஆதாரம் இல்லை; எனவே அங்கே நிறுத்திக்கொண்டார்கள். புத்தகம் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் களிமண்ணைத் தோண்டியவர்கள், சாட்சி நின்ற இடத்தில் தாங்களும் நின்றார்கள். முன்னதற்குத் துணிச்சல் வேண்டும். பின்னதற்கு அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். பெருமை கிடைக்கும் வரைக்கும் தோண்டுகிறோம். கிடைத்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு மேடையில் ஏறுகிறோம். தமிழுக்கு இருக்கிற பழமை போதாதா? கடைசிப் படியில் நாம் உட்கார்ந்திருக்கும் இடம் நல்ல இடம்தான். அதற்காக முதல் படியில் இருப்பவரையும் இழுத்து வந்து நம் வீட்டுக் குலமுறைப் பட்டியலில் எழுதவேண்டியதில்லை.

“அப்ப நம்ம ஊர்ல அந்த மாதிரிக் கல் கிடைக்காதா, தாத்தா?” என்றாள் பேத்தி, கீழே தெரிந்த தீவைக் காட்டி.

“அந்தத் தீவு ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும், அம்மா. கோயில் கட்டின கல்லே வெளியிலிருந்து வந்ததுதான். ஆறு எதையாவது வைத்திருந்தாலும் ஆழத்தில் மூடி வைத்திருக்கும்” என்றேன். அத்திரம்பாக்கத்துக்காரர்களுக்குப் பக்கத்து அல்லிக்குழி மலைப் பக்கத்திலிருந்து உறுதியான உருண்டைக் கற்கள் கிடைத்தன. கல் இருக்கும் இடத்தில் கருவி இருந்தது. களிமண் மூடிய இடத்தில் அது காப்பாற்றப்பட்டது. பல்லாவரத்துக் குழியின் மேல் இன்று பட்டணம் நிற்கிறது. ஃபுட்டுக்குக் கல்லைக் காட்டியது ரஸ்தாவுக்குச் சரளை எடுத்த குழி. அதே போன்ற குழிகள்தாம் எத்தனையோ கற்களை யாரும் பார்க்காமல் விழுங்கிக்கொண்டும் இருக்கின்றன. ஜல்லி லாரி ஒன்று போகும்போது இப்போதெல்லாம் நான் சற்று நின்று பார்க்கிறேன். பயன் இல்லை என்று தெரியும், ஆனாலும் பார்க்கிறேன்.

கீழே இறங்கி வந்து சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளாகவே தாளை வாங்கி, அந்தச் சொல்லை அடித்தாள். மேலே எதை எழுதுவது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு, “15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அத்திரம்பாக்கத்தில் யாரோ ஒருவர் கல்லில் கருவி செய்தார், அவர் பெயர் நமக்குத் தெரியாது” என்று எழுதினாள்.

போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. வேறொரு பையன் இடிமுழக்கமாகப் பேசி வாங்கிக்கொண்டு போனானாம். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் மலைக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் முதல் படியில் காலை வைக்குமுன் ஒரு நிமிஷம் நின்று, அங்கே யாரோ உட்கார்ந்திருப்பது போலச் சற்று ஒதுங்கி ஏறுகிறாள்.